நூற்றெண்பது

கப்பல் சூவுரோய் தீவைத் தொட்டபோது
பகல் மூன்றுக்கே மங்கிவிட்டது.
மீன் எடை நிலையத்தில் மார்யுன்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றியபடி சொன்னாள்:
"காட் என்று தொட்டால் காட் விழாது.
கொஞ்சம் வலப்பக்கம் தள்ளித் தொட வேண்டும்.
மூன்று வருஷமாக இப்படித்தான்."

பொத்தான்களுக்கு இல்லை,
பொத்தான்களுக்கு நடுவிலிருந்த வெறும் இடத்துக்கு
நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தாள்.
ஏழு சிவப்புப் பொட்டு.
ஏழாவது மட்டும், வலது ஓரத்தில்,
பொத்தானின் மேலேயே இருந்தது.
அதுவரை போய்ச் சேர்வதற்குள்
பிழை கரைந்துவிடுகிறது.

ஒன்பது ஊசி கேபிளைக் கழற்றித் துடைத்தேன்.
உப்பு. இங்கே எதைக் கழற்றினாலும் உப்பு.
ஆனால் இது உப்பின் வேலை இல்லை.
கம்பி சொல்வதைச் சரியாகத்தான் சொல்கிறது,
நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு துடிப்பில்,
விரல் இங்கே, விரல் இங்கே என்று.
கேட்டு எழுதிக்கொள்கிற டிரைவருக்குத்தான்
யாரோ தப்பான அளவுகோல் கொடுத்திருக்கிறார்கள்.

ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன்.
கிளைக்குள் கிளை, அதற்குள் கிளை,
ஒரு பெயரைத் தவறி அழித்தால்
மறுநாள் காலை எழுந்திருக்காத பெட்டி.
தொடும் முன் நகலெடு.
அந்தக் கிளையை எழுத்துக் கோப்பாக இறக்கினேன்.
எழுத்துக் கோப்பில் ஒரு வரி கூடுதலாக வரும்:
கடைசியாக எழுதப்பட்ட நேரம்.

நவம்பர் பதினாறு. மாலை நாலு நாற்பது.

அந்த நாலு நாற்பதை எனக்குத் தெரியும்.
ஐந்து மணிக் கப்பல் ஊதிக்கொண்டிருந்தது.
புதுத் திரையை மாட்டி முடித்து
ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை விசைப்பலகையில்.
இடது எல்லைக்கு நூற்றெண்பது தட்டினேன்.
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம்
பதினாறடிமானத்தில் கறுத்திருந்தது.
பார்க்கவில்லை.
ஒன்று, எட்டு, சைபர்.
எனக்கு அது நூற்றெண்பது.
அதற்கு முந்நூற்று எண்பத்து நான்கு.

வட்டத்தை மாற்றினேன். மறுபடி தட்டினேன்.
திரை இருண்டு, யோசித்து, எழுந்தது.

மார்யுன் ஒரு பெட்டியைத் தராசில் ஏற்றி
திரையைப் பார்க்காமலே பொட்டைத் தொட்டாள்.
ஒன்றும் ஆகவில்லை.
அழுத்தித் தொட்டாள்.
"கெடுத்துவிட்டாயே, ஹேனுஸ்!"

"பொத்தானையே தொடு."

காட். முப்பத்தொரு கிலோ.
அவள் சிரிக்கவில்லை.
அடுத்த பெட்டிக்கும் விரல் பொட்டுக்குத்தான் போனது.
அதற்கடுத்ததற்கும்.
தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
யாரோ கடன் கொடுத்த கையைப் போல.

"யார் இப்படிப் போட்டு வைத்தது?"
கத்தி முனையால் பொட்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.
நான் கேபிளின் இரண்டு திருகுகளை
இறுக்கிக்கொண்டிருந்தேன்.
அவை ஏற்கெனவே இறுகித்தான் இருந்தன.

திரும்பும் கப்பலில் கணக்குப் போட்டேன்.
பொட்டுக்கும் பொத்தானுக்கும் ஒன்றரை சென்டிமீட்டர்.
நாளைக்கு நானூறு பெட்டி,
வருஷத்துக்கு இருநூறு நாள், மூன்று வருஷம்.
மூன்றரைக் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேல்.
குளிரில், ஈரக் கையோடு,
ஒரு பெண்ணின் விரல்
என் அவசரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்த தூரம்.

பில்லில் கூலி சைபர் என்று எழுதினேன்.
அது மன்னிப்பு ஆகாது என்று தெரிந்ததால்
போனில் ஒரு வரியும் அனுப்பினேன்:
"நான்தான்."

சிக்னல் நடுக்கடலில் போய், வந்து, போய்,
தோர்ஸ்ஹவ்ன் விளக்குகள் தெரியும்போது
பதில் வந்தது:

"ஆறு பொட்டும் சுரண்டியாச்சு.
ஏழாவதை விட்டுவிட்டேன்.
அது சரியான இடத்தில்தான் இருக்கிறது."